எபிசோட்: பார்வை மானும் ரேடாரும்

எனக்கு வீடு கடலூர், இன்ஜினியரிங் படிச்சது சிதம்பரம். எங்க பக்கம் ரேடார்னு சொன்னாலே புயல்தான் ஞாபகம் வரும். 2011 டிசம்பர்ல ‘தானே’ கடலூரைப் புரட்டிப் போட்டதை யாரும் மறக்கல. இப்பவும் ஐப்பசி, கார்த்திகை வந்தா காரைக்கால் ரேடார் படத்தை போன்ல பார்த்துட்டே இருப்போம்.

ரேடார் எப்படிப் பார்க்குது? ஒரு அலையை அனுப்பும். அது எவ்வளவு பலமா திரும்பி வருதுன்னு அளக்கும். போர் விமானத்தைத் தேடுற ரேடாரும் இப்படித்தான். அப்போ, திரும்பி வர்ற அலையைக் கூட்டிக் காட்டினா? சின்னப் பொருள்கூடப் பெரிய விமானமாத் தெரியும். அதுதான் டிகாய்.

அமெரிக்கக் கடற்படையோட ‘டால்ட்’டை எடுத்துக்கங்க. இன்ஜின் இல்ல, குண்டும் இல்ல. நீளம் சுமார் 2.3 மீட்டர், எடை சுமார் 180 கிலோ. விமானத்துல இருந்து விட்டா சறுக்கிட்டே போகும். அலையைப் பலமாத் திருப்பி அனுப்புற லென்ஸ் உள்ளே இருக்கும். 1991 ஜனவரியில, வளைகுடாப் போர் தொடங்கினப்போ ஈராக் மேல டிகாய்கள் பறந்துச்சு. ஈராக் ரேடார்கள் விழிச்சுக்கிச்சு. ரேடார் அலையைப் பிடிச்சுட்டே போய் அடிக்கிற ‘ஹார்ம்’ ஏவுகணைகள் அதுக்காகத்தான் காத்திருந்துச்சு.

அந்தத் திரை முன்னாடி உட்கார்ந்திருக்கிறவரை நினைச்சுப் பாருங்க. எங்க வேலையில பொய் அலர்ட் நிறைய வந்தா மியூட் பண்ணிடுவோம். அவர் மியூட் பண்ணினா, நிஜக் குண்டு ஊருக்குள்ள விழலாம். சுட்டா, ஏவுகணை வீண். தான் இருக்கிற இடத்தையும் காட்டிக் கொடுத்த மாதிரி. எந்தப் பதில் சொன்னாலும் நஷ்டம்.

இது தூரத்துக் கதை இல்ல. 2025 மே 8-9 இரவு, பாகிஸ்தான் 36 இடங்கள்ல 300 முதல் 400 ட்ரோன்கள் அனுப்பினதா இந்திய அரசு சொன்னது. நம்ம வான் பாதுகாப்பைச் சோதிச்சு உளவு பார்க்கிறது நோக்கமா இருக்கலாம்னும் சொன்னாங்க. இதெல்லாம் டால்ட் மாதிரி விமானத்துல இருந்து விட்ட டிகாய் இல்ல. ஆனா ரேடார் முன்னாடி இருக்கிறவருக்குக் கேள்வி அதேதான்: எதைச் சுடுறது, எதை விடுறது?

பெரும்பாணாற்றுப்படையில எயினர் வீட்டு முற்றம் வரும். அங்க விளாமரத்துல, காட்டு மானை இழுக்கப் பழக்கின மான் ஒண்ணைக் கட்டி வெச்சிருப்பாங்க. அதுக்குப் பேரு ‘பார்வை’. டிகாய்க்கு நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கிற சொல்.

காட்டு மான் தன் இனத்தை நம்பி வருது. ரேடார்காரர் திரையை நம்புறார். நம்பாம அவரால வேலை பார்க்கவும் முடியாது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.