குறி சொன்னவளா? கொலை செய்தவனா?

(தலைப்பு: மாக்பெத்தின் வீழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கேட்ட குறியா? கொண்ட ஆசையா? 'கொண்ட ஆசையே' என்ற அணியில் பேசியது. இடம்: திருவான்மியூர்)

அன்பிற்கினிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் அழகாகப் பேசிவிட்டு, 'இதுக்கு மேல என்ன பேசிடப் போறாங்க' என்று பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! திருவான்மியூர்ப் பெருமக்களே! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! 

ஷேக்ஸ்பியர் நாடகத்துக்குத் திருவான்மியூரில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஐயா, ஆசையிலே இங்கிலீஷ் ஆசை, தமிழ் ஆசைன்னு தனித்தனியா இருக்கா? பக்கத்து வீட்டில புது கார் வந்து நின்னா, நமக்கு வர்ற பெருமூச்சு எந்த மொழியில வருது? (சிரிப்பு)

கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஸ்காட்லாந்து தேசத்துத் தளபதி மாக்பெத். போரில் ஜெயித்துவிட்டு, நண்பன் பாங்க்வோவோடு பொட்டல் வெளியில வர்றான். மூணு சூனியக்காரக் கிழவிங்க வழியில நிக்கிறாங்க. காடார் சீமைக்கு நீ பிரபு, அப்புறம் இந்த நாட்டுக்கே நீ ராஜா என்று வாழ்த்துறாங்க. சொன்ன வாய் மூடலை, காடார் பட்டம் தேடி வந்திடுச்சு. அடுத்து ராஜா டங்கன் இவன் வீட்டுக்கு விருந்தாளியா வர்றார். சாப்பாடு போட்டு, படுக்க வெச்சு, நடு ராத்திரியில குத்திக் கொன்னுட்டான். கிரீடம் வந்தது. கிரீடத்தைக் காப்பாத்த நண்பன் பாங்க்வோவைக் கொல்ல ஆள் அனுப்பினான். அப்புறம் மக்டப் என்கிற பிரபுவின் மனைவி, குழந்தைகள். கடைசியில அவன் தலையும் போச்சு.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "அந்தக் கிழவிகள் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அவன் பாட்டுக்கு நல்ல தளபதியாக இருந்திருப்பான்" என்றார். நல்ல வாதம்தான். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ராஜாவைக் குத்துவதற்கு முன்னால், அந்தக் கிழவிகள் வாயிலிருந்து 'கொல்லு' என்று ஒரு வார்த்தை வந்ததா? ராஜா ஆவாய் என்று சொன்னார்கள். எப்படி ஆவாய் என்று சொல்லவே இல்லையே! ஊர் பேரைச் சொன்னது அவங்க. போற வழியைப் போட்டது இவன்.

ஜோசியர் நமக்கும் சொல்றாரு: "சார், வர்ற தை மாசத்துக்குள்ள உங்களுக்குச் சொந்த வீடு யோகம் இருக்கு." உடனே என்ன செய்யறோம்? பேங்க் லோனுக்கு அலையறோம். பக்கத்து வீட்டுக்காரரை வெட்டிட்டு அவர் வீட்டிலயா குடி போறோம்? (சிரிப்பு, கைதட்டல்) காடார் பட்டம் அவன் விரலைக்கூட அசைக்காமல் வந்ததே. குறியை முழுசா நம்பியிருந்தா, கிரீடமும் அப்படியே வரும்னு சும்மா இருந்திருக்கணும். ஆகவே நடுவர் அவர்களே, அவன் குறியை நம்பியதால் கொல்லவில்லை. காத்திருக்க முடியாத ஆசையால் கொன்றான்.

இரண்டாவது, அதே பொட்டல் வெளியில பாங்க்வோவும் நின்னான். அவனுக்கும் குறி உண்டு. நீ ராஜா ஆக மாட்டாய், உன் வம்சம் ஆளும் என்றார்கள். அவன் கத்தியை எடுத்தானா? இந்த மாதிரிப் பேச்சு நம்மைக் குழியில தள்ளும்னு நண்பனையும் எச்சரிக்கிறான். அதே கிழவி, அதே நாள். கேட்ட காதுதான் வேறே.

பாங்க்வோவை விடுங்க. நம்ம வீட்டுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தின் கடைசிப் பகுதியான வரந்தரு காதையில் ஒரு செய்தி இருக்கிறது. சேரன் அரண்மனை. மூத்தவன் செங்குட்டுவன் இருக்கும்போதே, ஒரு நிமித்திகன் இளையவனைப் பார்த்து, அரியணை ஏறுகிற இலக்கணம் உனக்குத்தான் இருக்கிறது என்கிறான். சபை நடுவே! அண்ணன் முகம் வாடுது. தம்பி என்ன செஞ்சான்? நிமித்திகனைக் கோபமாகப் பார்த்தான். அந்த இடத்திலேயே அரசாட்சியைத் துறந்து, குணவாயிற்கோட்டத்தில் துறவியாக உட்கார்ந்துவிட்டான். 'நீ ராஜா' என்று மாக்பெத்துக்குச் சொன்னபோது நமக்குக் கிடைத்தது பிணம். இளங்கோவுக்குச் சொன்னபோது கிடைத்தது சிலப்பதிகாரம்! (பலத்த கைதட்டல்)

"அது பழைய கதை, இந்தக் காலத்துல யாருங்க அப்படி?" என்று எதிரணியில் கேட்கிறார்கள். வர்றேன். ரொம்ப தூரம் போக வேணாம். இங்கேயிருந்து பெசன்ட் நகரைத் தாண்டினால் அடையாறு பிரம்மஞான சபை. 1909-ஆம் ஆண்டு. சபையில் வேலை பார்த்தவரின் மகன், பதின்மூன்று பதினாலு வயசுப் பையன், சபையின் கடற்கரையில் விளையாடிக்கொண்டிருக்கிறான். லெட்பீட்டர் என்கிற பெரியவர் பார்க்கிறார். உலகத்துக்கு வரப்போகிற ஜகத்குரு இந்தப் பையன் மூலமாகத்தான் வருவார் என்கிறார். அன்னி பெசன்ட் அம்மையாரும் அதை நம்பினார். 1911-இல் இதற்காகவே ஓர் அமைப்பு உருவானது. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்தார்கள். ஹாலந்து நாட்டில் கோட்டையும் நிலமும் தானமாக வந்தன.

நினைச்சுப் பாருங்க. மாக்பெத்துக்கு ஒரு நாடு. இந்தப் பையனுக்கு உலகமே! குறி சொன்னவர்கள் வழியில் நின்ற கிழவிகள் இல்லை, படித்தவர்கள், பெரியவர்கள். அதுவும் ஒரு நாள் இல்லை, இருபது வருஷம் காதில் ஓதினார்கள். 1929 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, ஹாலந்தில் ஓமன் என்ற இடத்தில், ஏறக்குறைய 3,000 பேர் முன்னால், அன்னி பெசன்ட் அம்மையாரும் அமர்ந்திருக்க, அந்த இளைஞர் எழுந்து அமைப்பையே கலைக்கிறேன் என்றார். எனக்குச் சீடர்கள் வேண்டாம் என்றார். தானமாக வந்தவை கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போயின. அவர்தான் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1986 ஜனவரியில், தன் கடைசி மாதங்களில்கூட, பக்கத்திலே வசந்த விஹாரில் வந்து பேசியவர். நடுவர் அவர்களே, குறிதான் மனுஷனை ஆட்டி வைக்கும் என்றால், இவரை ஏன் ஆட்டி வைக்க முடியவில்லை?

இதே திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா இருக்கிறது. அதை உருவாக்கிய ருக்மிணி தேவி அம்மையாரிடம், 1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய், குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கிறீர்களா என்று கேட்டார். கிழவி சொன்ன குறி இல்லைங்க, பிரதமரே கேட்டது! அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாட்டியம் சொல்லிக் கொடுக்கப் போய்விட்டார். காதில் விழுந்தது பெரிய வார்த்தைதான். உள்ளே அதுக்கு இடம் இல்லை.

எதிரணிச் சகோதரி மந்தரையைக் கொண்டு வந்து நிறுத்தினார். "கைகேயி நல்லவள், கூனி சொல்லித்தானே கெட்டாள்?" என்றார். சகோதரி, அதே அயோத்திக்குப் பரதனும் வந்தான். ராஜ்யம் உனக்குத்தான்டா என்று பெற்ற தாயே சொன்னாள். குறி இல்லை, கையில் வந்துவிட்ட கிரீடம்! அவன் காட்டுக்குப் போய் அண்ணன் பாதுகையை வாங்கி வந்து அரியணையில் வைத்தான். ஒரே வீடு, ஒரே ராஜ்யம். தாய் கேட்டாள், மகன் மறுத்தான். இதுக்குக் கூனி என்ன பண்ணுவா?

இன்னொரு நண்பர், "மனைவி தூண்டினாள்" என்றார். அவரும் ராத்திரி வீட்டுக்குத்தான் போகணும், பாவம்! (சிரிப்பு) சரி, மனைவிக்கு அந்தச் செய்தியைக் கடிதத்தில் எழுதி அனுப்பினது யாரு? மாக்பெத்தானே! முதல் கொலைக்கு அவள் தூண்டினாள், ஒப்புக்கொள்கிறேன். நண்பன் பாங்க்வோவைக் கொல்லும்போது? மனைவியிடம் திட்டத்தையே சொல்லவில்லை. மக்டப் வீட்டுக் குழந்தைகளைக் கொல்லும்போது? அவளைக் கேட்கவே இல்லை. முதல் கொலைக்குத் துணை வேண்டியிருந்தது. அப்புறம் ஆசை தனியா நடக்கப் பழகிடுச்சு. பாவம், அந்தப் பொம்பளை தூக்கத்தில் நடந்து, போகாத ரத்தக் கறையைக் கழுவிக் கழுவியே செத்துப் போனாள்.

அப்புறம் ஒரு நுட்பம் பாருங்க. முதல் தடவை கிழவிங்க அவனைத் தேடி வந்தாங்க. இரண்டாம் தடவை? அவனே தேடிப் போறான்! பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் உனக்குச் சாவில்லை, பிர்னாம் காடு மலையேறி வரும் வரை தோல்வியில்லை என்று அங்கே காட்டப்படுகிறது. இவனுக்கு ஒரே குஷி. 'மனுஷன் எப்படிங்க பெண் வயிற்றில் பிறக்காம இருப்பான், காடு எப்படிங்க நடக்கும்' என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? எதிரிப் படை மரக்கிளையை ஒடித்துத் தூக்கிக்கொண்டு வந்தது, காடு நடந்தது. வந்து நின்ற மக்டப் தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்ட பிள்ளை. நம்ம ஊர்ல சொன்னா சிசேரியன்! (சிரிப்பு) ஆசைக்காரன் குறியில் பாதியைத்தான் கேட்பான். தனக்குப் பிடித்த பாதியை.

இன்னொரு வேடிக்கை. சரித்திரத்தில் நிஜமாகவே ஒரு மாக்பெத் இருந்தான். 1040-இல் டங்கனைப் போர்க்களத்தில் வென்றான், 1057 வரை பதினேழு வருஷம் ஆண்டான். சூனியக்காரிகள் எல்லாம் பிற்காலத்தில் கதை எழுதியவர்கள் சேர்த்தது. ஆள் முதல்ல வந்தான். பழி போடக் கிழவிங்க அப்புறம் வந்தாங்க! (கைதட்டல்)

சிரிக்கிறோம். இனி நான் சொல்லப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை. 'எல்லாத்துக்கும் சூனியக்காரிதான் காரணம்' என்கிற எதிரணி வாதம் இருக்கிறதே, அது மேடையில் பேசினால் வாதம். ஊருக்குள் போனால் கொலை. ஸ்காட்லாந்து அரசர் ஜேம்ஸ், டென்மார்க் இளவரசியைக் கல்யாணம் செய்து 1590-இல் கப்பலில் அழைத்து வந்தார். கடலில் புயல். கடல்னா காத்து அடிக்கத்தான் செய்யும். 'இல்லை, இது சூனியக்காரிகள் வேலை' என்று விசாரணை வைத்தார்கள். ஆக்னஸ் சாம்சன் என்கிற மருத்துவச்சி, ஊருக்குப் பிரசவம் பார்த்த அம்மா, சித்திரவதை செய்யப்பட்டு 1591-இல் கொல்லப்பட்டாள். அந்த நாட்டில் 1563 முதல் 1736 வரை சூனியச் சட்டம் இருந்தது. ஏறத்தாழ 4,000 பேர் மேல் பழி விழுந்தது. பெரும்பாலும் பெண்கள். அந்த ஜேம்ஸ் அரசர் இங்கிலாந்துக்கும் அரசரான பிறகுதான், 1606 வாக்கில், ஷேக்ஸ்பியர் இந்த நாடகத்தை எழுதினார்.

"அது வெள்ளைக்காரன் ஊர்" என்கிறீர்களா? நம் பீகாரில், சூனியக்காரி என்று முத்திரை குத்திப் பெண்களைக் கொடுமை செய்வதைத் தடுக்க, 1999-இல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டி வந்தது. 2001-இல் ஜார்க்கண்டும் அதை ஏற்றது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் போடுகிற கொலைப் பட்டியலில், காரணங்களில் ஒன்றாக மாந்திரீகம் என்று இருக்கிறது. பல சமயம் அந்தப் பெண் யார் என்றால், கேட்க நாதியில்லாத விதவை. கையில் கொஞ்சம் நிலம் இருக்கும். அந்த நிலத்தின் மேல் யாருக்கோ ஆசை இருக்கும். மாடு செத்தது, குழந்தைக்கு ஜுரம் வந்தது, உடனே 'அவதான்'! ஐயா, ஆசைப்பட்டவன் ஒருத்தன். சாகிறது கிழவி. அதனால்தான் சொல்கிறேன், குறி சொன்னவள் மேல் பழியைப் போடுகிற தீர்ப்பு ஆபத்தான தீர்ப்பு.

நம்ம வீட்டிலேயும் இது நடக்குது. "என் சிநேகிதன் சொன்னான், சீட்டுல பணம் போட்டேன்." "தங்கச்சி சொன்னா, மருமகளைத் திட்டினேன்." "ஜோசியர் சொன்னார், பையனை அவனுக்குப் பிடிக்காத படிப்புல சேர்த்தேன்." எல்லா வாக்கியத்திலும் சொன்னவர் ஒருத்தர் இருக்கார். செஞ்சவரைக் காணோம்!

(மணி ஒலிக்கிறது) மணி அடிச்சிட்டீங்க, ஒரே நிமிஷம் ஐயா. நாம் இருக்கிற ஊர் திருவான்மியூர். மருந்தீசுவரரை வான்மீகி முனிவர் வழிபட்டதால் இந்தப் பெயர் என்று ஊரே சொல்லும். சாலையிலே அவருக்கு ஒரு சின்னக் கோயிலும் இருக்கிறது. அவரைப் பற்றிப் பாட்டி சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். முனிவராவதற்கு முன்னால் வழிப்பறி செய்தார். "யாருக்காகச் செய்கிறாய்?" என்று நாரதர் கேட்டார். "பெண்டாட்டி பிள்ளைக்காக." "அவர்கள் பாவத்தில் பங்கு வாங்கிக்கொள்வார்களா, போய்க் கேட்டு வா" என்றார். கேட்டார். ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. நீ செஞ்சது உன்னோடது என்று சொல்லிவிட்டார்கள். அந்த நிமிஷம் அவர் யார் மேலேயும் பழி போடலை. உட்கார்ந்தார், தவம் செய்தார், புற்று மூடியது, வான்மீகி எழுந்து வந்தார்.

அந்த ஒரு கேள்வியை மாக்பெத் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. குறியில் கிழவிகளுக்குப் பங்கு உண்டு, தூண்டியதில் மனைவிக்குப் பங்கு உண்டு. ஆனால் டங்கன் மார்பில் இறங்கிய கத்தியைப் பிடித்திருந்த கை அவனுடையது. அந்தக் கையை ஓட்டியது அவன் ஆசை. வான்மீகி பெயர் தாங்கிய இந்த ஊரில் நின்றுகொண்டு, வேறு தீர்ப்பு சொல்ல நடுவர் அவர்களுக்கு மனம் வராது என்று நம்பி, 'கொண்ட ஆசையே' என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.

(கைதட்டல்)