உடற்பயிற்சியும் கண் நலமும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கண்ணைக் காக்கும் பயிற்சி யாது எனக் கேட்பின், விழியை இடமும் வலமும் உருட்டுதலையே பலர் கூறுவர். களைத்த கண்ணுக்கு அது சிறிது ஆறுதல் தரலாம். மூக்குக்கண்ணாடியை விலக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. கிட்டப்பார்வை பெரும்பாலும் விழிக்கோளம் நீண்டுவிடுவதால் உண்டாவது. நீண்ட கோளத்தை எவ்வகை உருட்டலும் குறுக்காது. கண்ணுக்கு மெய்த்துணையாவது கைகால்களை இயக்கும் பயிற்சியே என்பதை எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதலில் குழந்தைகளைக் கருதுவோம். நாம் வாழும் இத் தில்லி மாநகரில் ஏறத்தாழ 10,000 பள்ளி மாணவரை ஆராய்ந்து, 2015 இல் முடிவு வெளியிட்டனர். நூற்றுக்கு 13 பேர் கிட்டப்பார்வை உடையோராய் இருந்தனர். நாளொன்றுக்கு 2 மணி நேரத்திற்கு மேல் வெளியில் விளையாடிய சிறாரிடம் இக்குறை அரிதாகவே காணப்பட்டது. அதே ஆண்டில் சீனத்துக் குவாங்சௌ நகர ஆய்வும் வெளிவந்தது. அங்கு முதல் வகுப்புச் சிறாருக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு நடத்தினர். மூன்றாண்டு முடிவில், அவ்வகுப்புப் பெற்றோருள் நூற்றுக்கு 30 பேருக்கும், பெறாதோருள் ஏறத்தாழ 40 பேருக்கும் கிட்டப்பார்வை புதிதாகத் தோன்றியிருந்தது.

இங்குக் கண்ணைக் காத்தது ஓட்டமா, ஒளியா? ஒளியே முதன்மையானது என்பர் அறிஞர். பகலொளி விழித்திரையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கச் செய்து, கோளம் மிகையாக நீளாமல் தடுக்கிறது என்பது அவர்தம் கருத்து. ஆதலின் அரங்கினுள் ஆடும் பூப்பந்து உடலுக்கு நலந்தரினும், மைதானம் கண்ணுக்குத் தரும் பயனைத் தராது. தனிப்பயிற்சி வகுப்பின்பொருட்டு மாலை விளையாட்டை நிறுத்தும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து, அலுவல் பார்க்கும் நம்மவர். கணிப்பொறித் திரையை உற்று நோக்குங்கால் இமைத்தல் குறைகிறது; கண்ணீர்ப்படலம் உலர்ந்து எரிச்சல் பிறக்கிறது. இடையிடையே எழுந்து, தொலைவில் நோக்கிச் சிறிது நடந்து வருதலே இதற்கு எளிய மருந்து. அதனினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. நீரிழிவும் குருதி அழுத்தமும் விழித்திரையின் நுண்குழாய்களைச் சிதைப்பன. தொடக்கத்தில் வலி இராது, பார்வையும் மங்காது. கிழமைக்கு 150 நிமிட விரைநடை இவ்விரண்டையும் கட்டுப்படுத்தத் துணைசெய்வதால், கண்ணையும் காக்கிறது. விரைந்து நடந்தபின் கண்ணழுத்தம் சிறிது நேரம் தணிவதும் உண்டு.

எனினும் எல்லாப் பயிற்சியும் எல்லார்க்கும் ஏற்றதன்று. சிரசாசனம் செய்யுங்கால் கண்ணழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவதைச் சென்னைச் சங்கர நேத்திராலய ஆய்வாளர் 2006 இல் கண்டறிந்தனர். குளோக்கோமா என்னும் கண்ணழுத்த நோயுடையோர் அதனைத் தவிர்ப்பதே நன்று. மூச்சை அடக்கிப் பெரும் பளு தூக்குதலும் அத்தகையதே. நீரிழிவால் விழித்திரை பழுதுற்றோர் மருத்துவரைக் கேட்டே பளுவைத் தொடுதல் வேண்டும். குளிர்காலத்தில் தில்லியின் புகைமூட்டம் கண்ணை எரிக்கும் நாட்களில், நடையை விடுத்து வீட்டினுள் பயிற்சி செய்தல் அறிவுடைமை.

நடப்பவர்க்குக் கண் மருத்துவர் வேண்டா என யாரும் எண்ணிவிடலாகாது. குளோக்கோமாவால் கெட்ட நரம்பு மீண்டும் தழைப்பதில்லை. நாற்பதைக் கடந்தோர் கண்ணழுத்தத்தையும், நீரிழிவுடையோர் ஆண்டுதோறும் விழித்திரையையும் சோதித்துக்கொள்ளல் இன்றியமையாதது.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் ஒரு பகுதியை, வானம் தெளிந்த நாட்களில், பூங்காவின் மரநிழலில் நடத்தலாகாதா? நிழலிலும் அறையினுள் இருப்பதைவிடப் பன்மடங்கு ஒளி உண்டு. தமிழ் படிக்க வரும் பிள்ளை, அதனை நெடுநாள் படிக்கத்தக்க கண்ணையும் பெற்றுச் செல்லட்டும்.