முதல் பத்து நிமிடங்கள்



பொதுத்தேர்வில் காலை 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வந்தாலும், முதல் 10 நிமிடம் வாசிக்க மட்டுமே. விடை எழுதத் தொடங்குவது 10.15க்கு. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று ஆண்டவர் சொன்னதை லூக்கா 14இல் வாசிக்கிறோம். ஒரகடத்தில் ஷிப்ட் மாறும்போது இயந்திரத்தைச் சரிபார்த்த பிறகே வேலையைத் தொடங்கும் பெற்றோருக்கு இது புதிதல்ல.

அப்பாவுக்கு நைட் ஷிப்ட், அம்மாவுக்கு முதல் ஷிப்ட். தானே எழுந்து, டீ போட்டு, தம்பியையும் எழுப்பிவிட்டுப் படிக்க உட்காரும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அதற்கு மதிப்பெண் பட்டியலில் இடமில்லை. நாமோ எவ்வளவு மார்க் என்று மட்டும் கேட்கிறோம். திருப்பலி முடிந்து வாசலில் நின்று, குருக்களாகிய நாங்களும் அதையே கேட்டிருக்கிறோம்.

35க்குக் கீழே வாங்கிய பிள்ளைக்குத் துணைத்தேர்வு இருக்கிறது. முடிவு வரும் நாளில் முதலில் அந்த வீட்டுக்குப் போவோம்.