ஹாலுக்கு ஒரு டீப்பாய்



அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் புது வீடு கட்டுகிறவர்கள், வாசல் நிலைக்கு மரம் எடுக்கும்போது விவரம் தெரிந்த நாலு பேரைக் கேட்பார்கள். தேக்கா, வேங்கையா, வேம்பா என்று மரவாடியில் நின்று தட்டிப் பார்ப்பார்கள். அதே வீட்டு ஹாலுக்கு டீப்பாய் வாங்கும்போது செல்போனில் படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். தினமும் கை படுவதும், காபி சிந்துவதும், பிள்ளைகள் ஏறி நிற்பதும் அதன்மேல்தான். அதனால் இன்றைய பேச்சு டீப்பாயைப் பற்றி. அதிலும் முக்கியமாக, அதன் மரத்தைப் பற்றி.

அளவுகளை முதலில் முடித்துக்கொள்வோம். சோபாவின் உட்காரும் உயரம் பெரும்பாலும் 17, 18 அங்குலம். டீப்பாய் அதே உயரத்தில், அல்லது ஓரிரு அங்குலம் தாழ்வாக இருக்கட்டும். நீளம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு. சோபாவுக்கும் அதற்கும் நடுவில் ஒன்றேகால் அடியாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் முழங்கால் இடிக்கும். இதெல்லாம் சோபாவில் உட்காருகிறவர்களுக்கான கணக்கு. நம் பக்கத்து வீடுகளில் சாயங்காலமானால் தரையில் உட்கார்ந்து மல்லிகைப்பூ கட்டுவார்கள், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். அந்த வீடுகளுக்கு 12 அங்குல உயரம் போதும். கண்ணாடி மேல்பலகைதான் பிடிக்கும் என்றால் டஃபன்டு கண்ணாடியாகக் கேட்டு வாங்குங்கள். அது உடைந்தாலும் கத்தி முனைபோல நீளத் துண்டுகளாகாமல், சின்னச் சின்ன மணிகளாக உதிரும்.

விலை மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. மேலே மரக்கோடு அச்சடித்த தாள் ஒட்டியிருப்பார்கள். தினமும் தரை துடைக்கிற வீட்டில் அதன் கால் அடிப்பக்கம் ஈரம் குடித்து உப்பிவிடும். ஒரு தடவை உப்பினால் திரும்பச் சுருங்காது. அதைத்தான் வாங்க முடியும் என்றால் இரும்புக் கால் வைத்ததாகப் பார்த்து எடுங்கள்.

இனி மரத்துக்கு வருவோம்.

பாளையம்பட்டி வீடு ஒன்றில் நடந்தது இது. வெளியூரில் செய்த கெட்டியான மர டீப்பாய் கார்த்திகை மாதம் வந்து இறங்கியது. சித்திரையில் ஒரு மத்தியானம், வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது பட்டென்று ஒரு சத்தம். மேல்பலகையில் ஒரு முழத்துக்கு வெடிப்பு. மரம் மட்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். உள்ளூர் ஆசாரி வந்து கவிழ்த்துப் பார்த்தார். மரத்தில் குறையே இல்லை. பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு பசை போட்டு, திருகாணியும் போட்டு, அசைய விடாமல் இறுக்கியிருந்தார்கள்.

நேயர்களே, ஐப்பசியில் இறுகிக்கொள்ளும் கதவு பங்குனியில் தானாக இளகுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அறுத்து இழைத்த பிறகும் மரம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், கக்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில்தான் விரிந்து சுருங்கும். அடைமழைக்கும் அனல்காற்றுக்கும் நடுவே இவ்வளவு வித்தியாசம் இருக்கிற நம் வறண்ட பூமியில் அந்த அசைவு அதிகம். அசைய வழி இல்லாத பலகை வெடிக்கும். ஆசாரி சட்டத்தின் திருகாணித் துளைகளை அகலவாக்கில் இழுத்து நீள்துளையாக்கினார். வெடிப்பின் குறுக்கே, நடுவில் ஒடுங்கி இருபுறமும் விரிந்த, உடுக்கை வடிவத்துக் கட்டை ஒன்றைப் பதித்தார். வெடிப்பு அதற்குமேல் ஓடவில்லை. ஆகவே கடையில் டீப்பாயைத் தயங்காமல் கவிழ்த்துப் பாருங்கள். பலகைக்கு அசைய இடம் விட்டிருக்கிறார்களா என்பது அடியில்தான் தெரியும்.

அந்த உடுக்கைக் கட்டையை உலகத்துக்கே ரசிக்கக் காட்டியவர் ஜார்ஜ் நகாஷிமா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்டின் ஆளாக 1937இல் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்த்தார். அதற்கான தேக்கு மரச் சாமான்களை வடிவமைத்தவரும் அவரே. பின்னாளில் பென்சில்வேனியாவில் பட்டறை போட்டு, மரத்தின் இயல்பான விளிம்பையும் வெடிப்பையும் மறைக்காமல் அவர் செய்த தாழ்மேசைகளுக்கு இன்று ஏல நிறுவனங்களில் பெரிய விலை. 1964இல் அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் வந்து வேலை செய்தார். கோணல் மரம் கழிவு மரம் ஆகாது என்பதற்கு அவர் பட்டறையே சாட்சி.

கோணல் மரம் என்றதும் திருச்சுழிப் பக்கத்து நேயர்களுக்கு எது நினைவுக்கு வரும்? சீமைக்கருவேலம்! கண்மாயை அடைத்து, காட்டை மூடி நிற்கிற அந்த மரத்தை வளர்க்கச் சொல்ல வரவில்லை, வெட்ட வேண்டியதுதான். வெட்டியதை என்ன செய்கிறோம் என்பதில்தான் இந்த உரைக்கு அக்கறை. இப்போது பெரும்பகுதி கரிமூட்டத்துக்குப் போகிறது. விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, புகைய விட்டுக் கரியாக்கி மூட்டையில் ஏற்றுகிறார்கள். பல குடும்பங்களுக்கு அது பிழைப்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தொடை பருமனுக்கு மேல் பருத்த அடிமரத்தையும் சேர்த்து எரிப்பது பெரிய நஷ்டம்.

இதன் நெருங்கிய உறவு மரம் ஒன்றை அமெரிக்காவின் டெக்சஸில் மெஸ்கிட் என்று மேசைக்கும் தரைக்கும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அர்ஜென்டினாவில் இன்னொரு உறவு மரமான அல்கரோபோவில் நாற்காலியும் கதவும் செய்கிறார்கள். காரணம் இருக்கிறது. பச்சை மரம் முழுக்கக் காய்வதற்குள் தேக்கு அதிகபட்சமாக அகலத்தில் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் சுருங்கும். டெக்சஸ் மெஸ்கிட் 3 சதவீதம்கூடச் சுருங்காது. நம் ஊர்க் காற்றுக்கு வேண்டியது இந்தக் குணம்தான்.

நிலைக்கு ஏழடி வேண்டும், கட்டிலுக்கு ஆறடி வேண்டும். வளைந்து வளர்கிற சீமைக்கருவேலத்தில் அந்த நீளம் நேராகக் கிடைப்பது அபூர்வம். டீப்பாய்க்கு மூன்றடி போதும். நாலு அங்குல அகலத்தில் ஐந்து பலகை சேர்த்தால் மேல்பாகம் முடிந்தது. ஓரத்து வெளிறிய பகுதியை மட்டும் இரக்கம் பாராமல் அறுத்துத் தள்ளிவிட வேண்டும். வண்டு துளைத்து மாவாகக் கொட்டுவது அங்கேதான். உள்ளே வைரம் பாய்ந்த செம்பழுப்புப் பகுதி இருக்கிறதே, அதை இழைத்து எண்ணெய் தேய்த்துப் பார்த்தால் ஈட்டி மரமோ என்று கேட்பார்கள். பலகையின் இரு நுனியிலும் மெழுகோ பெயின்டோ பூசி, நடுவில் குச்சி வைத்து நிழலில் அடுக்கிக் காய வைக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. இழைக்கும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். தூள் மூக்கை எரிக்கும்.

நேரம் முடியப் போகிறது. பாலிஷ் பற்றி ஒரு வார்த்தை. அரக்கு பாலிஷ் பளபளக்கும், ஆனால் சூடான டபரா வைத்த இடம் வட்டமாக வெளுத்துப்போகும். காபி வீட்டுக்கு எண்ணெயோ பாலியூரிதேனோ நல்லது. மற்றபடி உயரமும் இடைவெளியும் நீங்களே அளந்துகொள்வீர்கள். அருப்புக்கோட்டை வட்டாரத்து மரஅறுவை மில்காரர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், வருகிற லோடில் நல்ல பருத்த அடிமரமாக நாலைந்தைத் தனியே எடுத்து வையுங்கள். ஆசாரிமார் நிச்சயம் கேட்டு வருவார்கள் என்று நம்புகிறோம்.