இனிப்பு நீரும் நம் உழைப்பும்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், தோட்ட ஆஸ்பத்திரியில் பல்லாண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

சம்பளம், வீடு, குடிதண்ணீர் இவற்றைப் பற்றிப் பேசவே நாம் வழக்கமாக இங்கே கூடுகிறோம். இன்று இனிப்பு நீரைப் பற்றிப் பேச வேண்டுமென்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சங்கக் கூட்டத்தில் நோய்க்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நமக்கு நிலம் இல்லை, கடை இல்லை. இரண்டு கையும் இரண்டு காலும் இரண்டு கண்ணும்தான் நம் முதல். இந்த நோய் முதலில் கை வைப்பது அந்த முதலில்தான். ஆகவே இதுவும் சங்கத்தின் காரியமே.

எத்தனை பேருக்கு?

2019ஆம் ஆண்டில் அரசாங்கம் நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடு. குறைந்திருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அதுவும் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் என்ற கணக்கு. இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியர்களே முன்னணியில் நிற்கிறோம். முன்னணியில் நிற்க வேறு எத்தனையோ காரியங்கள் இருக்க, இதிலா நிற்க வேண்டும்?

"நாங்கள் விடியுமுன் எழுந்து மரம் சீவுகிறோம், வாளி தூக்கி நடக்கிறோம். வேர்வை சிந்துகிற எங்களுக்கு எப்படி இது வரும்?" என்று பலர் என்னைக் கேட்டதுண்டு. உழைப்பு நல்லதுதான், அது நோயைத் தள்ளிப் போடும். ஆனால் நம் இரத்தத்திலேயே இந்நோய்க்கு இடங்கொடுக்கும் தன்மை அதிகம். தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடும். அதன்மேல் மலையளவு சோறும், டின் பால் கோப்பியும், தொந்தியும் சேர்ந்தால் உழைப்பு மட்டும் நம்மைக் காப்பாற்றாது.

நோயின் தன்மை

நாம் உண்ணும் உணவில் பெரும்பகுதி சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் என்ற நீர் அந்தச் சர்க்கரையைத் தசைகளுக்குள் சேர்க்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் உடம்பு இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து, கடைசியில் களைத்துப் போகிறது. சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

மங்கு நிரம்பினால்தான் பால் வழியும் அல்லவா? அதுபோலத்தான் இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 10 என்ற அளவைத் தாண்டிய பிறகே சிறுநீரில் வழிகிறது. சிறுநீரில் எறும்பு மொய்க்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பவர், மங்கு நிரம்பி மண்ணில் கொட்டும்வரை காத்திருப்பவர். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தாலே நோய் என்று பொருள். வலி இராது, காய்ச்சல் இராது. அதனால்தான் நோய் இருந்தும் அறியாதவர்கள் இந்நாட்டில் இத்தனை பேர்.

மருந்தைப் பற்றிய பயம்

மாத்திரை சாப்பிட்டால் கிட்னி கெட்டுவிடும் என்ற பேச்சு தோட்டப்புறங்களில் வேரூன்றிக் கிடக்கிறது. இதைக் கேட்டு மாத்திரையைக் கூரையில் செருகி வைத்தவர்களை நான் அறிவேன். தோழர்களே, கிட்னியைக் கெடுப்பது அடங்காத சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும்தான். இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நீரிழிவுக்காரர்கள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். ஆனால் ஒன்று உண்மை: கிட்னி ஏற்கெனவே பழுதுபட்டிருந்தால் சில மாத்திரைகளின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரும். அதற்காகத்தான் டாக்டர் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கிறார். அளவை மாற்றும் உரிமை அவருடையது. பக்கத்து வீட்டுக்காரருடையது அன்று.

பெரும்பாலோருக்கு முதலில் கொடுப்பது மெட்பார்மின். 1957ஆம் ஆண்டு பிரான்சில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்ட பழைய மருந்து, விலையும் மலிவு. சாப்பாட்டோடு உட்கொள்ள வேண்டும். முதல் சில வாரங்களில் வயிறு கலங்கலாம். பலருக்குத் தானே சரியாகிவிடும். இதைத் தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரை திடீரென்று கீழே இறங்குவது அபூர்வம்.

கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்றவை வேறு இனம். இவை கணையத்தை முடுக்கிவிட்டு இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடுக்கும். இதை நினைவில் வையுங்கள். மறுபடியும் சொல்லப் போகிறேன். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் புதிய மாத்திரைகளும் இப்போது உண்டு. அவை கிட்னிக்கும் இருதயத்துக்கும் துணை செய்கின்றன. இவற்றைச் சாப்பிடுவோர் தண்ணீர் நிறையக் குடித்து, மறைவிடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்சுலின் ஊசி என்றதும் "இனி நாள் நெருங்கிவிட்டது" என்று அழுகிறார்கள். 1922ஆம் ஆண்டு கனடாவில் டொரன்டோ நகரத்து ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த 14 வயதுப் பையனைப் பிழைக்க வைத்த மருந்து அது. கணையம் களைத்தபின் வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். பிரிக்காத இன்சுலின் ஐஸ்பெட்டியில் இருக்கட்டும், ஆனால் உறையக்கூடாது. உபயோகத்தில் உள்ளதைத் தகரக் கூரையின் சூடு படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும்.

பாகற்காயும் வெந்தயமும் நல்ல உணவு. தாராளமாகச் சாப்பிடுங்கள், அவற்றை நம்பி மாத்திரையை விடாதீர்கள். சந்தையில் பெயர் தெரியாத பொட்டலத்தில் விற்கும் பொடிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். அப்படிப்பட்ட சரக்குகளில் இரகசியமாகக் கலந்த இரசாயன மருந்துகளை அதிகாரிகள் பன்முறை கண்டுபிடித்திருக்கிறார்கள்.

விடியற்காலை அபாயம்

இப்போது நம் தொழிலுக்கே உரிய அபாயத்துக்கு வருகிறேன். நம்மவர் ஒருவர் நாலரை மணிக்கு எழுகிறார். மாத்திரையைப் போட்டு, ஒரு கோப்பித் தண்ணியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போகிறார். பசியாறுவது ஒன்பது மணிக்கோ பத்து மணிக்கோ. இடையில் நூற்றுக்கணக்கான மரங்கள். மாத்திரை முடுக்குகிறது, வயிற்றிலோ ஒன்றுமில்லை. எட்டு மணிக்குக் கை நடுங்குகிறது, குளிர்ந்த வேர்வை கொட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, கண் மங்குகிறது, பேச்சுக் குழறுகிறது. கையில் கூரிய உளி. பக்கத்தில் ஆள் இல்லை. கண்டவர்கள், "காலையிலேயே தண்ணி போட்டுவிட்டான்" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். அது தண்ணியின் வேலையன்று. சர்க்கரை 4-க்குக் கீழே இறங்கிவிட்டது. கவனியாவிட்டால் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து.

இதற்குப் பரிகாரம் எளிது. முதலாவது, மாத்திரையும் சாப்பாடும் பிரியக்கூடாது. நாலரை மணிக்கு இரண்டு சப்பாத்தியோ, கொஞ்சம் கடலையோடு ரொட்டியோ சாப்பிட முடியுமானால் அதோடு மாத்திரையைச் சாப்பிடுங்கள். முடியாதென்றால், வேலை நேரத்தை டாக்டரிடம் சொல்லி, மாத்திரை வேளையை மாற்றித் தரும்படி கேளுங்கள். நாம் சொல்லாமல் நம் பெரட்டு நேரம் டாக்டருக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது, சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். நடுக்கம் கண்டவுடன் வேலையை நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து உட்காருங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். தெளிந்தபின் சாப்பிடுங்கள். மூன்றாவது, பக்கத்து நிரைக்காரரிடம் உங்கள் நோயைச் சொல்லி வையுங்கள். மயங்கி விழுந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

தட்டில் என்ன?

சோற்றை அடியோடு விடச் சொல்லவில்லை. சுகாதார அமைச்சு காட்டும் வழி, மலாயில் சுக்கு-சுக்கு-செப்பாரோ: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். நாம் தட்டைச் சோற்றால் நிரப்பி, குழம்பை ஊற்றி, ஓரத்தில் கீரையைத் தொட்டுக்கொள்கிறோம். அதைத் திருப்பிப் போட வேண்டும். லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கீரையும் பயிற்றங்காயும் போட்டால் பாதிச் செலவு மிச்சம்.

டின் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஒரு குவளைக்கு இரண்டு பெரிய கரண்டி ஊற்றினால் ஏறக்குறைய நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போகிறது. நாளைக்கு நான்கு குவளை குடிப்பவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கோப்பி ஓ கோசோங் முதல் வாரம் கசக்கும், பிறகு பழகிவிடும். தாய்மார்களே, இந்தச் சாப்பாட்டை நோயாளிக்கென்று தனியாகச் சமைக்காதீர்கள். வீட்டில் எல்லாருக்கும் இதுவே நல்லது. விரதம் இருக்க விரும்புவோர் டாக்டரைக் கேட்டு, மாத்திரை அளவைச் சரிசெய்த பிறகே இருக்கட்டும்.

பிரிட்டனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு இருபது ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை எண் ஒன்று குறைவாக இருந்தவர்களில், கண், கிட்னி முதலியவற்றின் நுண்குழாய்க் கேடு 37 விழுக்காடு குறைந்திருந்தது. உதாரணமாக 9 என்பது 8 ஆவது. அந்த ஒன்றைக் குறைப்பது நம்மால் ஆகாத காரியமா?

காலைக் காப்பாற்றுங்கள்

நாட்பட்ட சர்க்கரை காலின் உணர்ச்சியை மறத்துப் போகச் செய்யும். முள் குத்தினாலும் தெரியாது, சப்பாத்து கடித்தாலும் தெரியாது. புண் அழுகி வாடை வந்த பிறகு வருகிறார்கள். விரலையும் காலையும் எடுக்க நேருகிறது. வேலைக்காட்டுக்கு மூடிய சப்பாத்து அணியுங்கள். அணியுமுன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். சாயந்திரம் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, பாதத்தை மனைவியோ பிள்ளையோ பார்க்கட்டும். வெந்நீரில் ஊறவைக்காதீர்கள். ஆண்டுக்கொரு முறை கண்ணையும் காலையும் கிட்னியையும் சோதித்துக்கொள்ளுங்கள். சிகரெட்டை விட்டுவிடுங்கள்.

சட்டமும் சங்கமும்

நோய் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. உங்கள் உரிமையை அறிந்துகொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாளும், ஐந்து ஆண்டு நிறையாதவருக்கு 18 நாளும், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாளும் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். டாக்டர் சீட்டு வேண்டும். 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். சொக்சோவில், வேலை செய்ய இயலாதவாறு நோயால் முடங்கியவருக்குப் பென்சன் திட்டம் இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. வழக்கமான சோதனைக்குப் போகும் நாளில் கிளினிக்கில் பெரும்பாலும் நேரச் சீட்டுத்தான் தருவார்கள், விடுப்புச் சீட்டுத் தரமாட்டார்கள். நாள் சம்பளக்காரர் அரை நாள் கூலியை இழக்கிறார். மாதச் செலவைக் கணக்குப் பார்த்து, அடுத்த தவணைக்குப் போகாமல் நின்றுவிடுகிறார். நோய் முற்றுவது அங்கேதான். ஆகவே இக்கூட்டத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். சோதனைத் தவணைக்குப் போகிறவரின் கூலி வெட்டப்படாதிருக்கக் கிளை நிர்வாகத்தோடு பேச வேண்டும். இந்த நோயாளிகள் சீவுகிற நேரத்தின் இடையில் பத்து நிமிஷம் பசியாற அனுமதி கேட்க வேண்டும். நாற்பது வயது கடந்த அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்வாண்டு முடியுமுன் இரத்தம் சோதித்துக்கொண்டதைக் கிளைச் செயலாளர் ஏட்டில் குறித்துவைக்க வேண்டும்.

முதல் இரண்டும் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை. மூன்றாவதற்கு நாம் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வரும் வாரமே தொடங்கலாம். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரின் மேசைக்கு வாருங்கள்.