எண்ணெய்க் குழாயும் கிணற்று நீரும்



எண்ணெய்க் கசிவு என்றதும் கடலே நினைவுக்கு வருகிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியதில் கரையெங்கும் எண்ணெய் படிந்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் பரவி மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியதையும் தமிழகம் மறக்கவில்லை. ஆயினும் கடலில்லாத கொங்கு நாட்டுக்கும் இந்தக் கவலை உரியதே. கொச்சியிலிருந்து கோவை வழியாகக் கரூருக்குப் பெட்ரோலியப் பொருள்களைக் கொண்டுசெல்லும் குழாய் இம்மண்ணின் அடியில்தான் ஓடுகிறது. இருகூரிலிருந்து பெங்களூரை அடுத்த தேவனகொந்திக்குச் செல்லும் குழாயைத் தோட்டங்களைத் தவிர்த்துச் சாலையோரமாகப் பதிக்குமாறு உழவர்கள் போராடியதும் இங்குதான்.

இத்தகைய குழாய்களுக்கு அடிப்படையானது 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம். அது நிலத்தை வாங்குவதில்லை. பயன்பாட்டு உரிமையை மட்டுமே, அதாவது நிலம் உழவர் பெயரில் இருக்க அதனடியில் குழாய் பதித்துப் பராமரிக்கும் உரிமையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஈடாகச் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு தந்துவிட்டு, அந்த இடத்தில் கிணறு வெட்டவோ, வீடு கட்டவோ, ஒரு தென்னங்கன்று நடவோ கூடாதென்று உழவரைத் தடுக்கிறது.

கசிவு நேர்ந்தால் வழியில்லை என்பதன்று. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஓடைகளோடு கிணறுகளையும் காக்கிறது. 2010ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமோ, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை ஏற்று, விபத்துகளில் தவறு யாருடையது என்று மெய்ப்பிக்காமலேயே இழப்பீடு பெற இடமளிக்கிறது. ஆனால் கிணற்று நீர் முன்பு எப்படியிருந்தது என்பதற்குச் சான்றில்லாத உழவர், எண்ணெயால் கெட்டது எவ்வளவு என்று எந்த மன்றத்தில் எப்படி நிறுவுவார்?

தாமதமாக வரும் நீதியின் விலையை நொய்யல் ஆறு காட்டிவிட்டது. பாசனத்துக்கென அதன் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறிய பிறகே, ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றில் விடலாகாது என்ற சென்னை உயர் நீதிமன்ற ஆணை 2006இல் வந்தது. அது மீறப்பட்டதால் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூட உத்தரவிட வேண்டியதாயிற்று. ஆலைகளை மூடிய ஆணையால், உப்பேறிய கிணறுகளை உடனே நன்னீராக்க முடியவில்லை.

எனவே சட்டம் கசிவுக்கு முந்த வேண்டும். குழாய் பதிக்கும் முன்பே வழியிலுள்ள கிணறுகளின் நீரை அரசு ஆய்வகத்தில் சோதித்து முடிவை உழவர் கையில் தருவதும், அவசரகாலத் திட்டத்தைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் வைப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். குழாய் செல்லும் ஊர்கள் யாவும் வரும் கிராம சபையிலேயே இவ்விரண்டையும் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப வேண்டும்.