சிராங்கூன்: பறவையா, சேகண்டியா?



தீபாவளிக் கூட்டத்தில் பெற்றோரின் கையைப் பிடித்தபடி நடக்கும் ஒரு பிள்ளை, “சிராங்கூன் என்றால் என்ன அர்த்தம்?” என்று கேட்டால், எத்தனை பேரால் சட்டென்று பதில் சொல்ல முடியும்? தமிழர்கள் அதிகம் புழங்கும் சாலை ஆயிற்றே, பெயரும் தமிழாகத்தான் இருக்கும் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் அது மலாய்ப் பெயர் என்பதே பொதுவான கருத்து. எந்த மலாய்ச் சொல் என்பதில்தான் வழக்கு.

ஒரு விளக்கம் பறவையைக் காட்டுகிறது. சிராங்கூன் ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தில் ‘ரங்கோங்’ என்ற பறவை வாழ்ந்ததாம். அதன் பெயரே இடத்துக்கு வந்ததாம். மற்றொரு விளக்கம் சேகண்டியைக் காட்டுகிறது. மலாயில் ‘செராங்’ என்றால் தாக்குதல். காட்டு வழியே போனவர்கள் ‘கோங்’ எனும் சேகண்டியை அடித்து விலங்குகளை விரட்டினார்களாம். அந்த இரண்டு சொற்களும் சேர்ந்து சிராங்கூன் ஆனதாம்.

சேகண்டிக் கதை கேட்கச் சுவையானது. ஆனால் பழைய ஆவணங்களில் அந்த ஆற்றின் பெயர் ‘ரங்கோன்’ என்றே காணப்படுகிறது. தொடக்கத்தில் ‘செ’ இல்லையென்றால் ‘செராங்’ எங்கிருந்து வரும்? ஆகவே பறவையின் பக்கமே தராசு சாய்கிறது. முடிந்த தீர்ப்பு என்று மட்டும் சொல்ல முடியாது.

1828ஆம் ஆண்டு வரைபடத்திலேயே இந்தப் பாதை இடம்பெற்றிருக்கிறது. 1858ல் அரசாங்கம் இங்கே செங்கல் சூளை அமைத்தது. அதில் வேலை செய்தவர்கள் இந்தியக் கைதிகள். நீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரமும் வளர்ந்தது. எருமைத் தொழுவம் என்று பொருள்படும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்ற பெயர் இன்றும் மருத்துவமனையின் பெயரில் வாழ்கிறது. மூங்கில் புதரின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லே தேக்காவானது. 1982ல் திறந்த புதிய சந்தைக்குச் சீனப் பொதுமொழி உச்சரிப்பில் ‘சூஜியாவ்’ நிலையம் என்று பெயரிட்டார்கள். மக்கள் வாயில் அது நுழையவில்லை; தேக்கா என்றே சொல்லி வந்தார்கள். 2000ல் பெயர்ப்பலகையும் தேக்காவுக்கே திரும்பியது.

சரி, தமிழர்கள் இந்த வட்டாரத்துக்குப் பெயரே வைக்கவில்லையா? வைத்தார்கள். சுண்ணாம்பும் செங்கல்லும் சுட்ட இடத்தைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்று அழைத்தார்கள். இன்று அதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? மலாய்ப் பெயருக்குள் தமிழைத் தேடுகிறோம்; உழைத்த தமிழர்கள் வைத்த பெயரையோ மறந்துவிட்டோம்.

தேக்காவைக் காப்பாற்றியது மக்களின் நாக்கு. சுண்ணாம்புக் கம்பத்தையும் அதுதான் காப்பாற்ற வேண்டும். அடுத்த முறை பிள்ளை கேட்கும்போது பறவைக் கதையையும் சேகண்டிக் கதையையும் சொல்லுங்கள். கூடவே சூளையில் வெந்த அந்தக் கைகளையும் சொல்லுங்கள்.